அவரே திறந்துகொள்வார்

“திருடன்னு சொல்லாம வேற என்ன சொல்றதாம்? பூட்டின வீட்டைத் திறந்து உள்ளே வந்து, ஃப்ரிட்ஜ் முன்னாடி நின்னுக்கிட்டு என் பிள்ளையோட பிறந்தநாள் கேக்கைத் தின்னிருக்கான்.”

“தின்னிருக்காருன்னு சொல்லு டீச்சர். உன்னைவிட வயசுல மூத்தவர்.”

“தின்னுட்டு, கையை என் ஜன்னல் திரையில துடைச்சாரு. இப்ப மரியாதை சரியா இருக்காக்கா?”

“கேக் நான் வாங்கித் தர்றேன்.”

“கேக்கா இப்ப விஷயம்? நான் குளிச்சிட்டு வெளியே வர்றேன், ஹால்ல ஆம்பளை நிக்கறாரு. கத்தறேன். வேற யாரா இருந்தாலும் ஓடியிருப்பான். இவரு நிதானமா திரும்பிப் பார்த்து, ‘கிரீம் கொஞ்சம் புளிக்குதே’ங்கறாரு.”

இது நடந்தது மூன்றாம் மாடி நடையில். நான் முதல் மாடி. துணி காயப்போடும் சாக்கில் மேலே போயிருந்தேன். அவசரத்தில் எடுத்த வாளியில் ஒரே ஒரு கைக்குட்டைதான் கிடந்தது என்பதை யாரும் கவனிக்கவில்லை. கவனிக்கும் நிலையிலும் யாரும் இல்லை. ஒரு பக்கம் கணக்கு டீச்சர், ஈரத்தலையில் துண்டோடு. இன்னொரு பக்கம் எதிர்வீட்டுப் பூட்டுக்காரரின் மனைவி. நடுவில் சுவரில் சாய்ந்துகொண்டு பூட்டுக்காரர். அவர் மீசையில் கிரீம் ஒட்டியிருந்தது. சண்டை தன்னைப் பற்றியது என்பதே தெரியாதவர்போல, டீச்சர் தலையில் இருந்த துண்டின் பூப்போட்ட கரையை ரசித்துக்கொண்டிருந்தார்.

பூட்டுக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கட்டடத்தில் அவர் கை படாத கதவு கிடையாது. என் வீட்டு வாசல் கதவில் வெளியே பார்க்கிற கண்ணாடித் துவாரம் வைத்துக் கொடுத்தவரும் அவர்தான். அந்த உபகாரத்தை நான் எவ்வளவு பயன்படுத்திக்கொண்டேன் என்பது இந்தக் கதையிலேயே தெரியும். கடைத்தெருவில் ஒரு ஆள் மட்டும் உட்காரக்கூடிய பெட்டிக்கடை. வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு தகரச் சாவி தொங்கும். சாவியைத் தொலைத்தவர்கள் கண்ணீரும் கம்பலையுமாக வந்து நின்றால், “சாவி தொலைஞ்சு போச்சா? கவலைப்படாதீங்க, ரெண்டே நிமிஷம்” என்பார். சொன்னபடி திறந்தும் விடுவார்.

அதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. பூட்டு ‘டக்’ என்று விட்டுக்கொடுத்ததும் கதவைத் தள்ளமாட்டார். ஒதுங்கிப்போய், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, “நீங்க முதல்ல போங்க” என்பார். வீட்டுக்காரர் உள்ளே போய் விளக்கைப் போட்டு, ‘வாங்க’ என்று சொன்ன பிறகுதான் திரும்புவார். அடுத்தவர் வீட்டு வாசலைத் தாண்டும் முதல் கால் அந்த வீட்டுக்காரருடையதாகத்தான் இருக்க வேண்டுமாம். ஊரில் பாதி வீடுகளைத் திறந்த மனிதரிடமிருந்து எனக்கு ஒரு செய்தி தேறியதில்லை. அப்படியொரு வீணான நல்ல குணம்.

அந்த மனிதர்தான் இப்போது பூட்டின வீட்டுக்குள் போய்க் கேக் தின்றிருக்கிறார்.

ஒரேயடியாக நடந்துவிடவில்லை இது. ஒரு சாவு வீட்டில் பிணத்தைப் பார்த்துவிட்டு, “மூக்கு எவ்வளவு பெரிசு, இத்தனை நாள் கவனிக்கவே இல்லையே” என்று சொல்லிச் சிரித்தார். கடைக்கு வந்த பெண்ணிடம், “போன தடவைக்கு இந்தத் தடவை நல்லா பெருத்துட்டீங்க” என்றார். டீக்கடையில் சர்க்கரை டப்பாவைத் தூக்கி வாயில் கவிழ்த்துக்கொண்டார். மனைவி காய்ச்சலில் படுத்திருந்தபோது ஒரு வாய் தண்ணீர் கொடுக்காமல், அவளைத் தாண்டிப்போய் டிவியைச் சத்தமாக வைத்தார். எங்கள் கட்டடத்துக்குக் காரணம் கண்டுபிடிக்கச் சொல்லியா கொடுக்க வேண்டும்? குடி என்றார்கள் சிலர். அவர் பேசும்போது பக்கத்தில் போய் வாயை முகர்ந்து பார்த்தவர்களும் உண்டு, யாரென்று சொல்லமாட்டேன். வேறொரு பெண் சகவாசம் என்றார்கள் சிலர். அந்தப் பெண் யாராக இருக்கும் என்று மொட்டைமாடியில் ஒரு சாயங்காலம் முழுவதும் ஓடியது.

ஒருவருக்கும் வியாதி என்று தோன்றவில்லை. ஏன் தோன்றும்? அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. யார் வீட்டுப் பூட்டு எந்தக் கம்பெனி, எந்தச் சாவியில் எந்தப் பல் தேய்ந்திருக்கிறது, என் பேத்தி எந்தக் கிழமையில் பிறந்தாள், எல்லாம்.

அன்று சண்டையைத் தீர்த்துவைக்கச் செயலாளர் வந்தார். எங்கள் கட்டடத்துக்குச் சங்கம் என்று ஒன்று உண்டு. அதற்குச் செயலாளர் உண்டு. சங்கத்தில் வேறு யாராவது உண்டா என்பது இன்றுவரை தெளிவாகவில்லை.

“இன்னொரு தடவை இப்படி நடந்தா போலீஸ்தான்” என்றார். “இல்ல, தலை சரியில்லைன்னா அதுக்குன்னு காப்பகம் இருக்கு. அங்க விட்டுடுங்கம்மா. குடும்பங்கள் இருக்கற இடம் இது.”

பூட்டுக்காரர் மனைவி அந்தக் காப்பகத்துக்கு ஒருமுறை பூட்டு மாட்டும் வேலைக்குக் கணவரோடு துணையாகப் போயிருக்கிறாள். உள்ளே கட்டிலில் கை கட்டப்பட்டுக் கிடந்தவர்களைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. “அங்க மட்டும் விடமாட்டேன்” என்றாள். “அவர் தின்னாலும், திட்டினாலும், என் வீட்டுலதான் இருப்பாரு.” அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்று மட்டும்தான்.

வேறு ஊரில் பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் மகள் செய்தி கேட்டு ஓடிவந்தாள். அப்பாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். திரும்பி வந்தபோது பூட்டுக்காரர் மனைவியின் கையில் கறுப்பு ஃபிலிம் அடங்கிய பெரிய கவர் இருந்தது. அதைப் பீரோவில் வைத்திருக்கலாம். அவள் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினாள்.

என் வீட்டுக்கும் வந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் ஃபிலிமைத் தூக்கிப் பிடித்தாள். “இங்க பாருங்கக்கா. இது மண்டையோடு. இது மூளை. முன்பக்கம் பாருங்க, ஓட்டுக்கும் அதுக்கும் நடுவுல எவ்வளவு இடம்.”

காய்ந்த வேர்க்கடலையைக் காதருகே குலுக்கினால் பருப்பு தனியே ஆடும் சத்தம் கேட்குமே, அதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. சொல்லவில்லை. எனக்கும் சில சமயம் வாயை அடக்கத் தெரியும்.

“மூளை சுருங்குமா?” என்றேன். “சட்டையா அது, துவைச்சா சுருங்கறதுக்கு?”

“சுருங்குதாம். முன்பக்கம்தான் மொதல்ல போகுதாம். எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாதுன்னு நம்மைப் பிடிச்சு வைக்கறது அந்த இடமாம். ஞாபகம் எல்லாம் வேற இடத்துல இருக்கறதால அது இப்போதைக்குத் தப்பிச்சிருக்காம். அவர் வேணும்னு செய்யலக்கா. டாக்டரே சொன்னாரு. எழுதிக்கூடக் கொடுத்திருக்காரு.”

“மருந்து?”

“தூங்கறதுக்குக் கொடுத்திருக்காங்க. சுருங்கினதைத் திரும்ப விரிக்க ஒண்ணும் கிடையாதாம். இன்னும் சுருங்குமாம்.”

அப்படி அவள் மாடி மாடியாகப் போய்த் தன் புருஷனின் மூளையை எல்லோருக்கும் காட்டினாள், திருடன் என்கிற ஒரு சொல்லைத் துடைப்பதற்காக. டீச்சர் ஃபிலிமைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். “வியாதின்னா பாவம்தான் அக்கா. ஆனா நான் தனியா இருக்கற பொம்பளை. பிள்ளை பிறந்தநாள் முடிஞ்சதும் ஹாஸ்டலுக்குப் போயிட்டான். எனக்கும் ராத்திரி தூக்கம் வரணும்ல?” என்றாள். அதிலும் தப்பு சொல்வதற்கில்லை.

செயலாளர் ஒரு வழி சொன்னார். அவள் கடைக்குப் போகும்போது கணவரை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட வேண்டும்.

“யாரை?” என்றாள் பூட்டுக்காரர் மனைவி.

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோருமே, அவளும்கூட. மீனை ஆற்றில் விட்டு, நீந்திப் போய்விடாதே என்று சொன்னதுபோல இருந்தது.

ஆனால் கடை நடந்தாக வேண்டும். அவருக்குப் பதிலாக அவள்தான் இப்போது பெட்டிக்கடையில் உட்கார்ந்து நகல் சாவி வெட்டிக்கொண்டிருந்தாள். எனவே பூட்டினாள். அவள் தெருமுனை திரும்புவதற்குள் அவர் கீழே வந்து என்னிடம், “சாயங்காலம் என்ன சமையல்?” என்று கேட்டுவிட்டு நடந்தார். கதவிடுக்கில் கம்பி விட்டுக் கழற்றின பூட்டைக் கடையில் கொண்டுபோய் அவளிடமே கொடுத்தாராம்: “இது மட்டமான பூட்டு. ஏமாந்துட்டே.”

செயலாளருக்கு ரோஷம் வந்துவிட்டது. சங்கத்தின் சார்பில் கனமான ஒரு பூட்டு வாங்கிக் கொடுத்தார். அதுவும் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. எண் பூட்டு ஒன்று வந்தது. அதை அவர் தொடவே இல்லை. கீலைக் கழற்றிக் கதவையே சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார். சில வீடுகளில் இன்று எவ்வளவு நேரத்தில் வெளியே வருவார் என்று பந்தயம் கட்டினார்கள். அடித்துக்கொண்டிருந்த கட்டடம் அந்தச் சில வாரங்கள் சிரித்துக்கொண்டிருந்தது.

கடைசியில் மனைவி அவருடைய பூட்டையே எடுத்து மாட்டினாள். இரும்புச் சட்டமும், உள்ளேயும் வெளியேயும் சாவி போட்டால்தான் அசைகிற நாக்குமாக, நகைக்கடைக்காரர் ஒருவருக்காக அவர் தன் கையால் செய்த பூட்டு அது. நகைக்கடைக்காரர் வாங்கிக்கொள்ளாமல் போனதில் வீட்டிலேயே கிடந்தது. “இதை என்னைத் தவிர எவனும் திறக்க முடியாது” என்று நல்ல நாளில் சொல்லியிருக்கிறார். அதையும் திறந்தார். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அதிலிருந்துதான் எல்லோருக்கும் அந்த நினைப்பு விழுந்தது. பூட்டுவது டீச்சரின் நிம்மதிக்கு, செயலாளரின் கௌரவத்துக்கு. அவருக்கு எந்தப் பூட்டும் பூட்டில்லை. “பூட்டிட்டுப் போறியே, ஏதாவது ஒண்ணுன்னா?” என்று நான் கேட்டதற்கு, அவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே சொன்னாள்:

“ஒண்ணுன்னா அவரே திறந்துப்பாருக்கா. வேற யாரா இருந்தாலும் இப்படிப் பூட்டிட்டுப் போக மனசு வருமா?”

ஃப்ரிட்ஜுக்கும் ஒரு சங்கிலி போட்டு, அதற்கும் பூட்டு போட்டாள். இனிப்பைக் கண்டால் விடமாட்டார் என்பதால். அந்தச் சின்னப் பூட்டை அவர் திறக்கவில்லை. ஃப்ரிட்ஜையே பிடித்து ஆட்டு ஆட்டென்று ஆட்டினார்.

பிறகு, எப்போதிலிருந்து என்று யாருக்கும் சரியாகத் தெரியாது, அவர் வெளியே வருவது நின்றது.

முதலில் ஒரு நாள் வரவில்லை. அப்புறம் இரண்டு நாள் வந்தார். அப்புறம் வரவே இல்லை. கட்டடம் மூச்சு விட்டது. “பூட்டு வேலை செய்யுது பார்த்தீங்களா?” என்றார் செயலாளர், தானே செய்த பூட்டு மாதிரி. டீச்சருக்குத் தூக்கம் வந்தது. பூட்டுக்காரர் மனைவியும், “இப்பல்லாம் சாதுவாயிட்டாருக்கா. உட்கார வச்ச இடத்துல உட்கார்ந்திருக்காரு. சாப்பிடுன்னா சாப்பிடறாரு. மருந்து பிடிச்சிடுச்சு போலிருக்கு” என்றாள். அவள் முகத்தில் கொஞ்சம் சதைகூடப் போட்டிருந்தது.

மகள் மட்டும் போனில் சண்டை போட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு படியிறங்குவது அம்மாவின் வழக்கம் என்பதால் எனக்கும் கேட்டது.

“அப்பா பேசறாராம்மா?”

“பேசறாருடி. கடையில சொல்வாருல்ல, அதையே சொல்லிக்கிட்டிருக்காரு.”

“வேற?”

“வேற எதுக்குப் பேசணும்? முன்னாடி பேசினதுக்கு இது எவ்வளவோ தேவலை.”

“அது சரியானது இல்லம்மா. இன்னும் சுருங்கியிருக்கு. தானா எதையும் ஆரம்பிக்க மாட்டாரு, எழுந்திருக்கணும்னுகூடத் தோணாதுன்னு டாக்டர் சொன்னாரே. தனியா விடாதே. ஒரு ஆள் போடலாம்.”

“யாரு வருவா இந்த வீட்டுக்கு? வேணும்னா திறந்துக்கிட்டு வெளியே வந்துடப்போறாரு. உங்கப்பாவை எனக்குத் தெரியாதா?”

பட்டப்பகலில் நடந்தது அது. எனக்கு முதலில் ரப்பர் கருகும் வாடை வந்தது. கண்ணாடித் துவாரத்தில் பார்த்தேன். செயலாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததேயில்லை. நானும் ஏறினேன்.

பூட்டுக்காரர் வீட்டுக் கதவின் அடியிலிருந்து புகை மெல்லிசாக, நிதானமாக வந்துகொண்டிருந்தது. டீச்சர் கதவை இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணா, திறங்கண்ணா. உள்ளே தீ. கதவைத் திறங்க.”

உள்ளே காலடிச் சத்தம் கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில், அவர் வந்து நின்றார். நாங்கள் எல்லோரும் கேட்டோம். இருமினார். பிறகு அந்தப் பழைய கடைக்குரல், தெளிவாக:

“சாவி தொலைஞ்சு போச்சா? கவலைப்படாதீங்க. ரெண்டே நிமிஷம்.”

செயலாளர் முகத்தில் உயிர் வந்தது. “வந்துட்டாரு. அவரே திறந்துடுவாரு. தள்ளுங்க, கதவைவிட்டுத் தள்ளி நில்லுங்க” என்றார். நாங்கள் தள்ளி நின்றோம். ஆமாம், நின்றோம். உலகத்தில் எந்தக் கட்டடத்து ஆட்களும் அந்த இடத்தில் கடப்பாரையைத் தேடியிருப்பார்கள். நாங்கள் பூட்டு ‘டக்’ என்று சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தோம்.

சத்தமே வரவில்லை.

“அண்ணா?”

“கவலைப்படாதீங்க. ரெண்டே நிமிஷம்.”

அப்போதுதான் டீச்சருக்குப் புரிந்தது. கதவோடு வாயை வைத்துக்கொண்டு, “வெளியே கேக் வச்சிருக்கேண்ணா. கிரீம் கேக். புளிக்கவே இல்ல. வந்து சாப்பிடுங்க. முழுசும் உங்களுக்குத்தான்” என்றாள். சொல்லிக்கொண்டே அழுதாள். உள்ளே இருமல். “ரெண்டே நிமிஷம்” மறுபடியும், இந்தத் தடவை கொஞ்சம் கீழேயிருந்து, உட்கார்ந்துகொண்டு சொல்வதுபோல.

அப்புறம் எல்லாம் செய்தார்கள். கடப்பாரை வந்தது. அந்த இரும்புச் சட்டத்தில் பட்டு வளைந்தது. ஜன்னலுக்குப் போனால், திருடன் வராமலிருக்க அவரே பற்றவைத்த கம்பிகள். மனைவிக்குப் போன் போட்டபடியே இருந்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. சாவி வெட்டும் இயந்திரம் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. ஊரிலேயே அந்தப் பூட்டைத் திறக்கத் தெரிந்த ஒரே ஆள் எங்களுக்கு ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்திருந்தார்.

தீயணைப்புக்காரர்கள் வந்து கதவை அறுத்தார்கள். அவர் வாசலை மறித்துக்கொண்டு கிடப்பார் என்று நினைத்து மெதுவாகத் தள்ளினார்கள். கதவு தாராளமாகத் திறந்தது. ஓரமாக, சுவரோடு ஒட்டி, வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். வருகிறவர் முதலில் போவதற்கு வழி விட்டிருந்தார்.

தீ என்று பெரிதாக ஒன்றுமில்லை. சோபாவும் திரையும் எரிந்திருந்தன. அவரைக் கொண்டுபோனது புகைதான். இழுத்து இழுத்து ஆட்டியதில் ஃப்ரிட்ஜின் காலுக்கடியில் ஒயர் நசுங்கி, தோல் உரிந்திருந்ததாம். சங்கிலியும் பூட்டும் மட்டும் கறுப்பாக, பத்திரமாக இருந்தன.

மனைவி வந்தபோது இடுப்பில் சாவி இருந்தது. அதை எடுத்துப் பார்த்தாள். அறுத்துப் போட்ட கதவைப் பார்த்தாள். “அவர் திறக்கலியா?” என்று கேட்டாள், யாரிடம் என்றில்லாமல். “அவருக்குத் தெரியுமே. அவர் செஞ்சதுதானே.” அதையே சாயங்காலம்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில் செயலாளர் எழுந்து கீழே போய்விட்டார்.

செயலாளர் அந்த வருஷமே பதவியை விட்டுவிட்டு மகன் வீட்டோடு போனார். சங்கத்தில் வேறு யாரும் இல்லை என்பது அப்போதுதான் உறுதியானது. டீச்சர் வீட்டை விற்றுவிட்டு, மகன் படிக்கிற ஊருக்கே மாற்றல் வாங்கிக்கொண்டாள். போகும்போது என்னிடம் விடைபெற வந்தவள், என் வீட்டு ஃப்ரிட்ஜைப் பார்த்ததும் வாசலோடு திரும்பிவிட்டாள்.

மகளுக்குப் பார்த்திருந்த இடம் கலைந்தது. அப்பாவின் தலை ஃபிலிமைக் கொண்டுவா, எங்கள் டாக்டரிடம் காட்டி இது பிள்ளைகளுக்கும் வருமா என்று கேட்க வேண்டும் என்றார்களாம் மாப்பிள்ளை வீட்டார். “எங்கம்மா அதை ஊர் முழுக்கக் காட்டியாச்சு, நீங்க ஒருத்தர்தான் பாக்கி” என்று அவளே சொல்லி முடித்துவிட்டாள். சோதனை எதுவும் செய்துகொள்ளவும் இல்லை. பிறகு அவளோடு வேலை பார்க்கிற, செயற்கைப் பல் செய்யும் பையன் ஒருவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன், “வந்தா பார்த்துக்கலாம், ஆனா அப்ப என்னைத் திட்டக்கூடாது” என்றானாம். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே கட்டிக்கொடுக்கலாம் என்று நானே சொன்னேன், என்னைக் கேட்காவிட்டாலும்.

அம்மாவையும் கூடவே கூட்டிப்போய்விட்டார்கள். பெட்டிக்கடை இப்போது செல்போன் உறை விற்கிற இடம். தகரச் சாவி பழைய இரும்புக்குப் போனது. போன மாதம் மகள் இருக்கிற ஊருக்கு ஒரு வேலையாகப் போனவர்கள் வந்து சொன்னார்கள். வாசல் கதவைத் தவிர வீட்டில் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாதாம். இருந்ததையெல்லாம் அவள் கையாலேயே திருகிக் கழற்றிவிட்டாளாம், குளியலறைத் தாழ்ப்பாள் உள்பட. மருமகன் பாவம், தான் உள்ளே இருப்பது தெரிவதற்காகக் குளித்து முடிக்கும்வரை சத்தமாகப் பாடிக்கொண்டே இருக்கிறானாம். பாட்டு நிற்கிறபோதெல்லாம் மாமியார் கதவருகே வந்து நின்றுவிடுகிறாளாம்.